மணற்கடிகாரக் காட்சியில் அடித்த மணி

ஈப்போவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். இருபத்தாறு வருடமாக அதே மேசை. பல்வலிக்காரர்களைச் சமாளித்துச் சமாளித்து எனக்குப் பொறுமை வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கோபம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் பாடற்குழுவை நடத்துகிறேன். அங்கேயும் அதே கோபம். சுருதி விட்டுப் பாடுகிறவர்களை நான் திரும்பிப் பார்க்கிற பார்வைக்குப் பட்டப்பெயர் ஒன்று உண்டு என்று கேள்வி. இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஒரு புனிதரின் குரலாக நிற்கிற வேலை வந்தது.

கேட்டவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பி. பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். வெளிநாடு போய் இசை படித்துவிட்டுத் திரும்பியவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, நான் ஒரு சேம்பர் ஓபரா எழுதியிருக்கேன். நீங்கதான் பாடணும்."

"அது என்னா சேம்பர்?"

"சின்ன ஓபரா லா. கதை முழுக்கப் பாட்டுத்தான், பேச்சே கிடையாது. நாலு வாத்தியம், ஒரு ஆள் பாடுவாங்க, ஒரு ஆள் ஆடுவாங்க. பெரிய ஹாலெல்லாம் வேணாம். ஒரு கூடம் இருந்தாப் போதும்."

கதை யாருடையது என்று கேட்டேன். "நம்ம தோட்டத்துக் கோயில் புனிதர். வர்ற திருநாளுக்கு அங்கேயே பாடப்போறோம்" என்றார்.

ஆயர் தாவார் பக்கத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தைச் சொல்கிறார். தம்பியின் அம்மாவும் அங்கே பிறந்தவர்தான். தோட்டம் செம்பனையாக மாறி, குடியிருந்த லயங்கள் இடிபட்டு, ஆட்கள் ஈப்போ, கமுந்திங், கிள்ளான் என்று ஆளுக்கொரு பக்கம் போய் ரொம்ப காலமாகிறது. சிற்றாலயம் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் நிற்கிறது. வருடத்தில் ஒரு ஞாயிறு, திருநாளன்று, எல்லாரும் காரில் வந்து இறங்குவோம். பூசை பார்ப்போம், ஆட்டுக்கறி சாப்பிடுவோம், யார் யார் எவ்வளவு பெருத்துவிட்டார்கள் என்று பேசுவோம், திரும்பிப் போவோம்.

அந்த ஆலயத்துக்குப் பாதுகாவலர் ஸ்பெயின் தேசத்துக் கன்னியர் மடத்துத் துறவி ஒருவர். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் உங்களுக்கு ஒரு படம் மனதில் வந்துவிடும், எனக்கு வேறு ஒரு படம் இருக்கிறது. பீடத்துக்கு மேலே இருக்கிற சிலையில் அவர் ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் பேனாவும் வைத்திருப்பார். எங்களுக்குத் தெரிந்து அப்படிப் பேனாவும் புத்தகமுமாக நிற்கிறவர் காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்கள் பேரைக் கூப்பிடுகிற தோட்டத்துக் கிராணி ஒருவர்தான். அதனால் சின்ன வயதில் அந்தப் புனிதரிடம் எனக்குப் பக்தியைவிடப் பயம் அதிகம். பூசைக்கு வராதவர்கள் பேரை எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"அவங்க கதையில என்னா இருக்கு ஆடிப்பாட?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பல வருசம் செபமே வரலையாம் அக்கா. செபம் பண்ற நேரத்துல மணற்கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம். மணல் சீக்கிரம் இறங்கட்டும்னு அதைப் புடிச்சு ஆட்டுவாங்களாம்."

நான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

எனக்கு ஆறு வருடமாகச் செபம் வரவில்லை. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை. வீட்டில் சண்டையில்லை. நம்பிக்கை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் வெறும் காற்று வருமே, அப்படி. முதலில் ஒரு வாரம் பார்ப்போம் என்றிருந்தேன், பிறகு தவக்காலம் வந்தால் சரியாகிவிடும் என்றிருந்தேன், அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். பாட்டை எடுத்துக் கொடுப்பேன், ஆமென் சொல்வேன், நற்கருணை வாங்குவேன், எல்லாம் ஒழுங்காக நடக்கும். உள்ளே நான் யாரிடமும் பேசவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பிரசங்க நேரத்தில் கைக்கடிகாரம் பார்க்காதவர்கள் உலகத்தில் இல்லை. நான் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரத்திலும் பார்ப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லவில்லை. "எந்தக் கிழமை ஒத்திகை?" என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம், பங்கு மண்டபத்தில். தம்பி கீபோர்டு. மிருதங்கத்துக்கு ஒருவர், புல்லாங்குழலுக்கு ஒருவர். செல்லோ வாசிக்க ஓய்வுபெற்ற சீனப் பெண்மணி ஒருவர். ஏதாவது வாசிக்கத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார், முடிகிறவரை திறக்கமாட்டார். ஆடுவதற்குப் புந்தோங்கிலிருந்து ஒரு பரதநாட்டிய ஆசிரியை வந்தாள். பகலில் மருந்துக் கடையில் வேலை, சாயங்காலம் பிள்ளைகளுக்கு நடனம். இந்துப் பெண். இன்றைக்கு எனக்குத் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டாள், ஆனால் முதல் நாள் அவளைப் பார்த்ததும், இவளுக்கு நம் புனிதரைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஆயுள் ஒரு மணி நேரம்.

புனிதரின் குரல் நான், அவருடைய ஆன்மா அவள். ஆன்மா என்பது ஏழு அறை உள்ள மாளிகை, ஒவ்வொரு அறையாக உள்ளே போக வேண்டும், கடைசி அறையில் கடவுள் இருக்கிறார் என்பது அந்தத் துறவி கண்ட காட்சி. ஓபராவும் ஏழு காட்சி. முதல் நாளே அவள் சாக்கட்டியை எடுத்து மண்டபத் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கட்டம் போட்டுவிட்டு, வெளியே நின்று தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ஏழு ரூம் வீடு நான் பார்த்ததே இல்லக்கா. நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருந்தேன். தோட்டத்தில் தொரை பங்களாவுக்கு ஏழெட்டு அறை இருக்கும். அம்மா அங்கே கூட்டிப் பெருக்கப் போவார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன், ஆனால் சமையலறை வாசல்வரைதான். உள்ளே ஒரு கதவு தெரியும், அதற்குள்ளே இன்னொரு கதவு தெரியும். அதற்கு மேல் பார்த்ததில்லை.

இதைச் சொன்னதும் அவள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தின் ஓரத்தில் போய் நின்று, உள்ளே எட்டிப் பார்ப்பதுபோலக் கழுத்தை மட்டும் நீட்டினாள். காலில் ஒரு அசைவு இல்லை. அவ்வளவுதான் செய்தாள், எனக்கு என்னையே பார்த்தமாதிரி இருந்தது. புல்லாங்குழல்காரர் வாசிக்க மறந்துவிட்டார்.

எங்களுக்கெல்லாம் பிடித்த இடம் இரண்டாவது காட்சி, மணற்கடிகாரக் காட்சி. செபத்துக்கு உட்கார்ந்த துறவிக்குச் செபம் வரவில்லை. நான் நின்றபடி பக்தியாக ஒரு வரி பாடுவேன். தரையில் உட்கார்ந்து அவள் கொட்டாவி விடுவாள். நான் அடுத்த வரி பாடுவேன். அவள் மணற்கடிகாரத்தை எடுத்து, குலுக்கி, தட்டி, காதில் வைத்துப் பார்ப்பாள். கையில் எதுவும் கிடையாது, ஆனால் மணல் இறங்குவது உங்களுக்குத் தெரியும். கடைசியில் மடத்து மணி ஒருமுறை அடிக்கும். செப நேரம் முடிந்தது. பள்ளி விட்ட பிள்ளைமாதிரி அவள் குதித்தெழுந்து ஆடத் தொடங்குவாள், மிருதங்கம் சேர்ந்துகொள்ளும்.

"எங்க வீட்டுப் பூசை ரூம்ல எனக்கும் இதே கதைதான்க்கா" என்றாள் ஒரு நாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "அஞ்சு நிமிசம் நிப்பேன். அதுலயும் கேஸை அணைச்சோமா இல்லையான்னு நினைப்பு. சாமிக்கே தெரியும், இவ இப்ப ஓடிருவான்னு."

அந்த மடத்து மணியை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னுடையது. கிளினிக்கில் என் மேசைமேல் ஒரு மணி இருக்கிறது, உள்ளங்கையால் தட்டினால் டிங் என்று ஒரே சத்தம். புதன்கிழமைகளில் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன், மிருதங்கக்காரர் தட்டுவார், வியாழக்கிழமை காலையில் மறுபடி மேசையில் வைத்துவிடுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏழாவது காட்சி வரும்வரை.

ஏழாவது அறையில் பாட்டு ஒரே வரி. "நீ இங்கே இருக்கிறாய்." அவ்வளவுதான். மேல் சுருதியில் ஏறி, அங்கேயே நின்று, ஓபரா முடிய வேண்டும். முதல் ஒத்திகையில் தொண்டை கட்டியிருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை தம்பி கீபோர்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வரியை மட்டும் வேற யாருக்காவது குடு தம்பி. இல்லாட்டி எடுத்துரு."

"அக்கா, முழு நாடகமும் இதுக்குத்தான் போகுது. இதை எடுத்துட்டா என்னா இருக்கு? சுசா லா, ரொம்பக் கஷ்டம். நாடகம்தானே, சும்மா பாடுங்க."

"நாடகத்துல ஒருத்தன் ராஜாவா நின்னா அவன் ராஜா இல்லேன்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அது பொய் இல்ல. நான் எங்க ஊரு ஆளுங்க முன்னாடி, எங்க கோயில்ல நின்னு, கடவுளைப் பார்த்து 'நீ இங்கே இருக்கிறாய்'னு பாடினா, நான் பாடுறேன்னுதான் நினைப்பாங்க. எனக்கு ஆறு வருசமா அங்க யாரும் இல்ல தம்பி. அந்தப் பொய்யை மட்டும் நான் சொல்லமாட்டேன்."

செல்லோக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் வில்லைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, மின்விசிறி ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று யாரையோ திட்டினேன்.

தம்பி என்னை வற்புறுத்தவில்லை. அடுத்த புதன்கிழமை வேறொரு ஏற்பாட்டோடு வந்தார். கடைசி வரியின் மெட்டைச் செல்லோவுக்கும் எழுதியிருந்தார். "அன்னைக்கு உங்களால முடிஞ்சா செல்லோக்காரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டுங்க, நீங்க பாடலாம். முடியலேன்னா வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, செல்லோ வாசிச்சிரும். யாருக்கும் தெரியாது." கார் டிக்கியில் ஸ்பேர் டயர் இருக்கிறமாதிரி, என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பேர் டயரில்தான் ஓடப்போகிறோம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல பாட்டை வாயை மூடிக்கொண்டு முடிக்கப்போகிறேனே என்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

இதற்கு நடுவில் கைக்கடிகாரத்துக்கும் ஒரு சண்டை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய துறவி கையில் கடிகாரம் கட்டியிருக்கக் கூடாது என்று தம்பி சொல்வார். கழற்றினால் எனக்குக் கை வெறிச்சென்று இருக்கும், முடியாது என்பேன். கடைசியில், முழுக்கை வைத்த பழுப்பு நிற பாஜு குரோங் போட்டுக்கொள்வது, கடிகாரம் அந்தச் சட்டைக் கைக்குள்ளே மறைந்திருப்பது என்று முடிவானது.

திருநாள் வந்தது. காலையிலிருந்தே மேகம். ஈப்போவிலிருந்து மூன்று காரில் போனோம். செல்லோவுக்கு ஒரு காரின் பின்சீட் முழுக்கத் தேவைப்பட்டது. பூசை முடிந்தது, நானும் வழக்கம்போல அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றேகால். சாமியார் இன்னொரு ஊரில் பூசை வைக்க வேண்டும் என்று சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போனார். மற்றவர்கள் ஒருவரும் போகவில்லை. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எங்கள் சிற்றாலயத்தில் பெஞ்சு கிடையாது. சிமெண்டுத் தரையில் பாய்தான். வயிறு நிறைய ஆட்டுக்கறியோடு அத்தனை பேரும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் நாங்கள்.

வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும்போது மிருதங்கக்காரர் என்னைப் பார்த்து உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி காட்டினார். மணி எங்கே?

கிளினிக்கில் இருந்தது. ஈப்போவில், என் மேசைமேல், நான் வியாழக்கிழமை காலையில் பொறுப்பாகத் திருப்பி வைத்த இடத்தில்.

என்னைத் திட்ட அங்கே யாருக்கும் தைரியம் இல்லை என்பதால் நானே என்னைத் திட்டிக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தேன். பீடத்துப் படியில் பூசை மணி இருந்தது. ஒரே கைப்பிடியில் நான்கு சின்ன மணிகள், பித்தளை பளபளத்தது. ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் ஓடினேன். கமுந்திங்கில் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் பைக்கில் வந்து ஆலயத்தைத் திறந்து கூட்டுகிறவர்.

"அண்ணே, இந்த மணியை ஒரு காட்சிக்கு எடுத்துக்கவா?"

"எடுத்துக்க லா. காலையிலதான் புளி போட்டுத் தேய்ச்சேன். ஆனா அதைச் சும்மா ஆட்டினா நாலும் சேர்ந்து கடகடன்னு கத்தும். பழகின கை வேணும். நானே அடிச்சுத் தாரேன், எப்பன்னு மட்டும் சொல்லு."

சரியென்றேன். நான் தலையசைத்ததும் அடிக்க வேண்டும் என்றேன். அவர் ஓரமாகச் சுவரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பீடத்துக்கு உதவப் பிள்ளைகள் இல்லாத அந்த ஆலயத்தில் முப்பது வருடமாகப் பூசைக்கு மணி அடிப்பவர் அவர்தான். பிறந்ததிலிருந்து பூசை பார்த்த எனக்கும், ஓபராவையே எழுதிய தம்பிக்கும், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

தொடங்கினோம். முதல் காட்சி நன்றாகப் போனது. மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் சத்தம் இருந்தாலும் என் குரலை அமுக்குமளவுக்கு இல்லை. இரண்டாவது காட்சியில் அவள் கொட்டாவி விட்டதும் பாயில் சிரிப்பு எழுந்தது. மணற்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தபோது ஒரு பெண் பக்கத்திலிருந்த புருசனை இடிப்பதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடைசி வரியைப் பாடி முடித்து அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அண்ணன் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்தபடி அடித்தார். மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. அடித்துவிட்டு, வழக்கப்படி, முழந்தாளிட்டுத் தலை குனிந்தார்.

நூறு பேரும் முழந்தாளிட்டார்கள்.

யாரும் யோசித்துச் செய்யவில்லை. அந்த ஆலயத்தில் அந்த மணி அப்படி அடித்தால் முட்டி தானாக மடங்கும், பிறந்ததிலிருந்து அப்படித்தான். அரைச் சிரிப்போடு இருந்த முகங்கள் அப்படியே குனிந்தன. பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த ஆண்களும் தரைக்கு வந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் தம்பி கீபோர்டு ஸ்டூலை விட்டு இறங்கி முட்டி போட்டிருக்கிறார். குதித்தெழுந்து ஆட வேண்டிய அவள் பாதி எழுந்தவள், இத்தனை பேரைப் பார்த்ததும் தான்தான் ஏதோ மறந்துவிட்டோம் என்று நினைத்து, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து கைகூப்பிவிட்டாள். காலில் சலங்கை ஒருமுறை குலுங்கி அடங்கியது. செல்லோக்காரர் மட்டும் கண்ணை மூடியபடி ஒரே கீழ்ச் சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன், என் முட்டியும் சிமெண்டில் இருந்தது.

இனி யாராவது எழ வேண்டும். ஆனால் பூசையில் மணி அடித்தபிறகு சாமியார் அடுத்த வார்த்தையைச் சொன்னால்தான் மேலே நடக்கும். இங்கே சாமியார் இல்லை. அடுத்த வார்த்தையும் இல்லை. அத்தனை பேரும் தலை குனிந்தபடி காத்திருக்கிறார்கள், அண்ணனும் காத்திருக்கிறார், மழை பெய்கிறது, செல்லோ போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சிலை மேலேயிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

ஆண்டவரே, இங்க பாரு, இவங்களை வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? உன் ஆளுங்கதானே? நீயே ஒரு வழி சொல்லு.

கிளினிக்கில் டாக்டரிடம் கேட்கிறமாதிரிதான் கேட்டேன். கேட்டு முடித்தபிறகுதான் உறைத்தது. ஆறு வருடம் கழித்து நான் அவரிடம் பேசியிருக்கிறேன். பேசியதுகூடப் பெரிதில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் திரும்பிச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். கடந்த வாரம்தான் கடைசியாகப் பேசினமாதிரி.

அப்புறம் நான் செய்தது எழுதிவைத்ததில் இல்லை. முட்டி போட்டபடியே, மேல் சுருதியில் இல்லாமல், செல்லோ இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடினேன். "நீ இங்கே இருக்கிறாய்."

"ஆமென்" என்றார்கள் நூறு பேரும்.

சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்து சேலையையும் கைலியையும் சரிசெய்துகொண்டார்கள். அவர்களுக்கு அடுத்த வார்த்தை கிடைத்துவிட்டது. தம்பி ஸ்டூலில் ஏறினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மிருதங்கக்காரரைப் பார்த்தார். மிருதங்கம் விழுந்ததும் அவள் குதித்தெழுந்தாள். ஒத்திகையில் ஆடியதெல்லாம் ஒன்றுமில்லை, அன்றைக்கு ஆடியதுதான் ஆட்டம்.

ஏழாவது காட்சியில் அதே வரி மறுபடி வந்தது. செல்லோக்காரர் அதிசயமாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வில்லை மடியில் வைத்துக்கொண்டார். பாடினேன். மேலே போனபோது குரல் கொஞ்சம் உடைந்தது; பாடற்குழுவில் வேறு யாராவது அப்படிப் பாடியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். ஒரு பெரியவர் இந்தத் தடவையும் ஆமென் சொன்னார், அவருக்கு மற்றவர்கள் சேர்ந்துகொள்ளாதது கொஞ்சம் வருத்தம்போலத் தெரிந்தது.

முடிந்தபிறகு அண்ணன் மணியைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒரு தடவைன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"ஆமாண்ணே, சொல்லலை."

"பொலே லா, பரவாயில்ல. நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல செபமெல்லாம் வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மணியைப் படியில் கொண்டுபோய் வைத்தார். நான் எதையும் திருத்தவில்லை. தம்பி அதற்குள் பென்சிலை எடுத்து இரண்டாவது காட்சிப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவள் என் காரில் வந்தாள். மழை விட்டிருந்தது. வீட்டுக்குத் தாப்பாவ் கட்டிக் கொடுத்த ஆட்டுக்கறி பின்சீட்டில் மணத்தது. சலங்கையை மடியில் வைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. எந்திரிக்கலாமா வேணாமான்னு தெரியலை. எவ்வளவு நேரம்க்கா அப்படியே இருந்தோம்? பத்து நிமிசம் இருக்குமா?"

"தெரியலையேம்மா."

"உங்க கையிலதான் கடிகாரம் இருந்துச்சே."

"இருந்துச்சு" என்றேன். "பார்க்கலை."